பிரேக் லைட் சுவிட்ச்: சொடுக்கியா, ஆளியா?

பிரேக் பெடலை மிதித்ததும் வண்டியின் பின்னால் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சின்னப் பாகம்தான் பிரேக் லைட் சுவிட்ச். ஸ்டாப் லைட் சுவிட்ச் என்றாலும் அதுவேதான். தமிழில் இதைச் சொடுக்கி என்பதா, ஆளி என்பதா? அதற்கு முன் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இன்றைய கார்களில் இது பெடல் தண்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பெடல் சும்மா இருக்கும்போது சுவிட்சின் முனையை அழுத்திக்கொண்டிருக்கும். மிதித்ததும் முனை வெளியே வர, மின்சுற்று மூடி விளக்கு எரியும்.

பழைய கார்கள் பலவற்றில் கதை வேறு. வோக்ஸ்வேகன் பீட்டிலை எடுத்துக்கொள்வோம். அதில் சுவிட்ச் பெடல் பக்கமே இருக்காது. மாஸ்டர் சிலிண்டரில், அதாவது பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தும் உருளையில், போல்ட் மாதிரி முறுக்கிப் பொருத்தியிருப்பார்கள். மிதித்தால் உள்ளே பிரேக் ஆயிலின் அழுத்தம் ஏறும். அந்த அழுத்தம் சுவிட்சுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தள்ளும். சவ்வு ஒரு செம்புத் தகட்டைத் தள்ள, தகடு இரண்டு டெர்மினல்களையும் (வயர் மாட்டும் முனைகளை) இணைக்கும். அதாவது விளக்கை எரியவைப்பது காலின் அசைவு அல்ல, திரவத்தின் அழுத்தம்.

இது கெடும் விதமும் அதனால்தான் தனி. முதலில் லேசாக மிதித்தால் எரியாது, ஓங்கி மிதித்தால் எரியும். பின்னால் வருபவருக்கு நாம் வேகம் குறைப்பது தாமதமாகவே தெரியும். அடுத்து டெர்மினல் ஓரத்தில் பிரேக் ஆயில் கசியும். அதற்குப் பிறகு தள்ளிப்போடக் கூடாது. உள்ளே இருக்கும் செம்புத் தகடும் ஓடும் மின்னோட்டத்தால் நாளடைவில் கருகும். அதற்குக் கணக்கே காரணம் சொல்லும். 21 வாட் பல்ப் இரண்டு என்றால் 42 வாட். 12 வோல்ட் வண்டியில் மூன்றரை ஆம்பியர். 1960-களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான பீட்டில்கள் 6 வோல்ட். அதே வாட்டுக்கு அங்கே 7 ஆம்பியர் ஓடும். நடுவில் ஒரு ரிலே (சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் பாகம்) வைத்தால் சுவிட்சின் ஆயுள் கூடும் என்பது இதனால்தான்.

மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை. சாவியைப் போட்டுவிட்டு (பீட்டிலில் சாவி போடாமல் பிரேக் லைட் எரியாது) இரண்டு டெர்மினல் சுவிட்சின் இரு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேருங்கள். விளக்கு எரிந்தால் குற்றவாளி சுவிட்ச். எரியவில்லையா, பல்ப், ஃபியூஸ், எர்த் என்று வேறு பக்கம் தேடுங்கள். சுவிட்ச்தான் என்றால், ஓட்டுநர் பக்கத்து முன் சக்கரத்தைக் கழற்றினால் மாஸ்டர் சிலிண்டர் கைக்கு எட்டும். புதியதைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு பழையதைக் கழற்றி, உடனே முறுக்கிவிட்டால் சில சொட்டுதான் ஒழுகும். பெயின்ட் மேல் பட்டால் உரிந்துவிடும், துணி போட்டு மூடுங்கள். அப்புறம் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் காற்று புகுந்திருக்கிறது என்று பொருள். ஏர் எடுக்க வேண்டும்.

'பிரேக் ஆயில்' என்ற பெயரே ஒரு பொறி. அது எண்ணெய் அல்ல, பெரும்பாலும் கிளைகால் (glycol) என்ற வேதிப்பொருள் வகைத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் ஆயிலை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போகும். 'பிரேக் திரவம்' என்று எழுதுவது தூய தமிழுக்காக மட்டும் அல்ல.

சரி, சொற்களுக்கு வருவோம். ஆங்கிலத்தில் சுவிட்ச் என்பது முதலில் வளையும் மெல்லிய குச்சி, குதிரையை விரட்டும் பிரம்பு. பிறகு ரயிலைத் தடம் மாற்றும் தண்டவாளத் துண்டுக்கு அந்தப் பெயர் போனது; 19-ஆம் நூற்றாண்டில் மின்சாரத்துக்கு வந்தது. பீட்டில் பிறந்த ஜெர்மனியில் இந்தப் பாகம் 'பிரெம்ஸ்லிக்ட்ஷால்ட்டர்'. அதில் ஷால்ட்டர் என்பதன் வேர்ச்சொல்லுக்குப் பழைய பொருள் தள்ளுவது, குறிப்பாகப் படகைக் கோலால் தள்ளுவது. பிரேக் என்ற சொல்லை ஆளிச்செடியின் தண்டை நொறுக்கி நார் எடுக்கும் பழைய கருவியின் பெயரோடு இணைப்பார்கள்.

தமிழில் சுவிட்சுக்குச் சொடுக்கி, சாவி, ஆளி என்று மூன்று சொற்கள் போட்டி போடுகின்றன. சாவி போர்ச்சுகீசிய வரவு. காரில் வேறு வேலையில் இருக்கிறது, 'பிரேக் விளக்குச் சாவி' என்றால் குழப்பம்தான். சொடுக்கி அழகான சொல். சவுக்கைச் சொடுக்குகிறோம், விரலைச் சொடுக்குகிறோம். ஆங்கிலத்துப் பிரம்போடு அது தற்செயலாக ஒத்துப்போகிறது. ஆனால் சொடுக்க ஒரு விரல் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரில் உட்கார்ந்திருக்கும் இதை யாரும் சொடுக்குவதில்லை, அழுத்தம் தள்ளுகிறது. சுவரில் இருக்கும் சுவிட்சுக்குச் சொடுக்கியை வைத்துக்கொள்ளலாம்.

என் ஓட்டு ஆளிக்கு. இலங்கைப் பாடநூல்களில் பழகிய சொல் இது. தொழிலாளி, முதலாளியில் வரும் அதே 'ஆள்'. மின்னோட்டத்தை ஆள்வது ஆளி. விரலோ, பெடலோ, திரவமோ, எது தள்ளினாலும் பொருந்தும். ஆளி விதையோடு குழம்பும் என்பார்கள். காருக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அந்தக் குழப்பம் வராது.

பிரேக்குக்கு 'தடை' வேண்டாம். மின்சாரப் பேச்சில் மின்தடை ஏற்கெனவே கரன்ட் கட், ரெசிஸ்டன்ஸ் என்று இரண்டு பொருளில் நிற்கிறது. 'நிறுத்தி' பரவாயில்லை, ஆனால் வேகம் குறைக்கவும்தான் மிதிக்கிறோம். எனவே தடுப்பு விளக்கு ஆளி. பீட்டில் வகைக்குத் தடுப்பு விளக்கு அழுத்த ஆளி. 'பிரேக் விளக்கு ஆளி' என்று கலந்து எழுதினாலும் குறையில்லை.

கடையில் மட்டும் ஸ்டாப் லைட் சுவிட்ச் என்றே கேளுங்கள். இரண்டு டெர்மினலா, மூன்றா என்பதையும் சொல்லுங்கள். இரட்டைச் சுற்றுப் பிரேக் (ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும் இரு தனி அமைப்புகள்) வந்த பிந்தைய பீட்டில்களில் சுவிட்ச் இரண்டு இருக்கும். மூன்றாவது டெர்மினல் இருந்தால், அது டேஷ்போர்டு எச்சரிக்கை விளக்குக்கு.