காக்காப்பொன் மின்னும் பாறை

1928 மார்ச் 12. நள்ளிரவுக்கு இரண்டு மூன்று நிமிடங்களே இருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே இருந்த செயின்ட் பிரான்சிஸ் அணை உடைந்தது. கட்டி முடித்து இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. குறைந்தது 431 பேர் இறந்தார்கள். அன்று காலையில்தான் தலைமைப் பொறியாளர் வில்லியம் முல்ஹாலண்ட் நேரில் வந்து, கசிவைப் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லிச் சென்றிருந்தார்.

அணையின் கிழக்குப் பக்கம் ஊன்றியிருந்தது சிஸ்ட் என்னும் பாறையில். வெயிலில் பிடித்தால் பளபளக்கும், ஏடு ஏடாகப் பிளக்கும் உருமாறிய பாறை அது. மின்னுவது வேறொன்றுமில்லை, மைக்கா. நம் ஊர்களில் காக்காப்பொன் என்பார்களே, அதுதான்.

சிஸ்ட் பெரும்பாலும் சேறாகப் பிறக்கிறது. கடலடியில் படிந்த களிமண் இறுகி ஷேல் ஆகிறது. கண்டத்தட்டுகள் மோதும்போது அது பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, சூடேறி, முதலில் சிலேட்டாகிறது. பழைய பள்ளிக்கூடப் பலகையின் கல். இன்னும் வெந்தால், ஏறக்குறைய 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது, மைக்காச் செதில்கள் வெறுங்கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. அதுதான் சிஸ்ட். பல சிஸ்டுகளில் செந்நிறக் கார்னெட் மணிகளும் பதிந்திருக்கும். இத்தனைக்கும் பாறை உருகுவதில்லை. திடநிலையிலேயே பழைய கனிமங்கள் கலைந்து புதியவை உருவாகின்றன. களிமண்ணுக்குள் சிறைப்பட்டிருந்த நீர் வெளியேறிவிடுகிறது.

அந்த ஏடுகளைச் சேறு படிந்த அடுக்குகள் என்று எண்ணிவிடுகிறோம். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் அவை அழுத்தம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதற்கான தடயம். பிசைந்த மாவில் எள்ளைத் தூவி உள்ளங்கையால் தட்டினால், எள் எல்லாம் தட்டையாகப் படுத்துக்கொள்ளும் அல்லவா? மைக்காச் செதில்களும் அழுத்தத்துக்குச் செங்குத்தான தளத்தில் படுக்கின்றன, அதே தளத்தில் வளர்கின்றன. பழைய படிவு அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இந்த ஏடுகள் போவதைச் சில சிலேட்டுகளில் தெளிவாகவே பார்க்கலாம்.

ஏன் பிளக்கிறது? மைக்காவின் ஒவ்வொரு தாளுக்குள்ளும் சிலிக்கனும் ஆக்சிஜனும் இறுகப் பிணைந்திருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவே பொட்டாசியம் அயனிகளின் மெல்லிய பிடி மட்டுமே. நகத்தாலேயே உரிக்கலாம். கோடிக்கணக்கான செதில்கள் ஒரே திசையில் படுத்திருக்க, பாறை முழுவதுமே சீட்டுக்கட்டு போல் ஆகிவிடுகிறது: மேலிருந்து அழுத்தினால் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் வழுக்கும். வேடிக்கை என்னவென்றால், இன்னும் சூடேறினால் இந்தப் பலவீனம் குறையும். மைக்கா சிதைந்து ஃபெல்ட்ஸ்பார் என்னும் கனிமம் உண்டாகி, சிஸ்ட் நைஸ் (gneiss) என்னும் வரிவரியான பாறையாக மாறும். அது அவ்வளவு எளிதில் பிளக்காது.

அணை இருந்த சான் பிரான்சிஸ்கிட்டோ பள்ளத்தாக்கில் சிஸ்டின் ஏடுகள் ஏறத்தாழ மலைச்சரிவை ஒட்டியே சாய்ந்திருந்தன. அந்தச் சரிவே ஒரு பழைய நிலச்சரிவின் பகுதி. தேங்கிய நீர் ஏடுகளுக்கிடையே புகுந்து அழுத்தியதும் உராய்வு குறைந்தது. ஆனால் அன்றைய விசாரணைக் குழுவின் கண் எதிர்ப்பக்கத்தில் இருந்தது. மேற்குக் கரையின் செந்நிறக் கூழாங்கற்பாறையில் ஒரு துண்டை நீரில் போட்டார்கள். அது சேறாய்க் கரைந்தது. பழி அதன் தலையில் விழுந்தது. பல பத்தாண்டுகள் கழித்துப் பொறியியல் புவியியலாளர் டேவிட் ரோஜர்ஸ் மறுஆய்வு செய்தபோதுதான் கிழக்குச் சரிவு முதன்மைக் காரணமாக முன்வந்தது.

சிஸ்ட் துண்டை அதே நீரில் போட்டிருந்தால், கரையாமல் மின்னிக்கொண்டு கிடந்திருக்கும்.