கணுக்காலில் புண், கோளாறு தொடையில்

கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்பக்கமாக, மாதக்கணக்கில் ஆறாத புண்ணோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு மஞ்சப்பையையும் கொண்டு வருவார்கள். மேசையில் கொட்டினால் பாதி பிதுக்கிய களிம்புக் குழாய்கள், விதவிதமான ஆன்டிபயாடிக் அட்டைகள், சர்க்கரை ரிசல்ட், யானைக்கால் நோய் இருக்கிறதா என்று ராத்திரியில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு எல்லாம் இருக்கும். காலின் ரத்தக்குழாய்களில் ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் மட்டும் இருக்காது.

கடலூரில் அறுவை சிகிச்சை மருத்துவராக நான் அடிக்கடி பார்க்கும் காட்சி இது. வேட்டியையோ புடவையையோ முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கச் சொல்வேன். படுத்திருக்கும்போது ஒன்றுமே தெரியாத கால், நின்றதும் முட்டியின் உள்பக்கத்தில் புடைக்க ஆரம்பிக்கும். கெண்டைக்கால் முழுக்கப் பச்சையாக, வளைந்து நெளிந்து முடிச்சு முடிச்சாகத் தெரியும். வெரிகோஸ் வெயின் என்பது இதைத்தான். "இதுவா டாக்டர்? இது கல்யாணத்துக்கு முன்னாலயே இருக்கு. அம்மாவுக்கும் இருந்துச்சு. வலிக்கல, அதான் விட்டுட்டோம்" என்பார்கள். அந்தப் புடைப்புக்கும் இந்தப் புண்ணுக்கும் சம்பந்தம் உண்டு என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சம்பந்தம் இதுதான். காலுக்கு வந்த ரத்தம் சிரைகள் வழியாக இதயத்துக்குத் திரும்ப ஏற வேண்டும். நாம் எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் கெண்டைக்கால் தசை ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. தள்ளிய ரத்தம் கீழே இறங்கிவிடாமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தாங்கிக்கொள்கின்றன. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு செய்கிற அதே வேலை. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம் 80, 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்க ஆரம்பித்தால் 30க்கும் கீழே வந்துவிடும். வால்வு கெட்டவருக்கு நடந்தாலும் அது சரியாக இறங்குவதில்லை. கணுக்காலின் உள்பக்கத்தில் தொடங்கித் தொடை இடுக்கு வரை தோலுக்கு அடியில் ஓடும் நீளமான சிரைதான் பெரும்பாலும் கெடுவது. அது தொடை இடுக்கில், தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழச் சிரையோடு சேரும் இடத்திலோ, தொடையில் வேறு எங்கோ வால்வு விட்டுவிட்டால், மேலேயிருந்து இறங்கும் ரத்தத்தின் பாரம் முழுக்கக் கணுக்கால் தோலின் மேல் விழும். அதனால்தான் புண் சொல்லிவைத்தாற்போல அந்த இடத்திலேயே வருகிறது.

புண் ஒரே நாளில் வந்துவிடாது. பல வருஷம் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் வரும். சாயங்காலமானால் கால் கனக்கும். காலையில் லூசாக இருந்த கொலுசு ராத்திரி அழுந்தி அச்சுப் பதிந்திருக்கும். தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அப்புறம் கணுக்காலைச் சுற்றி அரிப்பு, பிறகு தோல் கருத்துப்போதல். சிரையிலிருந்து கசிந்த சிவப்பணுக்களின் இரும்புச் சத்து தோலில் படிவதால் வரும் கறுப்பு அது; தேய்த்துக் குளித்தால் போகாது. நம் ஊரில் இந்தக் கட்டத்தில் "கரப்பான்" என்று முடிவு கட்டிக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்திவிடுவார்கள். கடலூர் முதுநகர்க்காரர் ஒருவர் கருவாட்டை விடுவதென்றால் அது பெரிய தியாகம்தான். ரத்தக்கொதிப்பு உள்ளவருக்கு உப்பு குறைந்ததில் லாபம் உண்டு. கால் தோலுக்கு ஒன்றும் ஆகாது. அரித்து அரித்துச் சொறிந்து, தோல் மரப்பலகை மாதிரி இறுகிய பிறகு, ஒரு நாள் கதவு முனை இடித்தால் போதும். அந்தக் காயம் ஆறாது.

கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கென்று இன்னொரு குழப்பமும் இருக்கிறது. யானைக்கால் நோய் தலைமுறை தலைமுறையாக இருந்த கடற்கரை இது. 1975இல் புதுச்சேரியில் கொசு வழி நோய்களுக்கென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆராய்ச்சி மையம் அமைந்து, யானைக்காலைப் பரப்பும் கொசுவை ஒழிப்பதில் நிறைய வேலை செய்திருக்கிறது. அந்த நினைவு ஊரில் இன்னும் இருப்பதால், கால் வீங்கியதும் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் வருவது யானைக்கால் பயம்தான். சிலர் அந்தப் பயத்தில் வெளியே சொல்லாமல் காலை மறைத்தே காலம் தள்ளுகிறார்கள். யானைக்கால் வீக்கம் பாதத்தின் மேற்புறம், விரல்கள் வரை இறங்கும். இடையிடையே காய்ச்சலும் தொடை இடுக்கில் நெறிக்கட்டும் வரும். நாளாக ஆகத் தோல் தடிக்கும். சிரைக் கோளாறில் வீக்கம் கணுக்காலைச் சுற்றி இருக்கும், ராத்திரி படுத்து எழுந்தால் வடிந்திருக்கும், உள்பக்கம் கறுக்கும். யானைக்கால் வீக்கமும் ஆரம்பத்தில் வடியும் என்பதாலும், ஒரே காலில் இரண்டும் இருக்கலாம் என்பதாலும், வீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லாமல் காட்டிவிடுவது நல்லது.

சர்க்கரைப் புண் வேறு. அது பெரும்பாலும் உள்ளங்காலில், விரல்களில், செருப்பு அழுத்துகிற இடத்தில், பல சமயம் வலியே இல்லாமல் வரும். பீடி, சிகரெட் பிடிக்கிறவருக்குத் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டு வரும் குழாய்) அடைத்து வரும் புண் விரல் நுனியில், கறுத்து, ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும் வலியோடு வரும். இதைப் பிரித்துப் பார்ப்பது ஏன் முக்கியம் என்றால், சிரைப் புண்ணுக்கு முதல் மருந்தே இறுக்கமான கட்டுதான். தமனி அடைத்த காலில் அதே கட்டைப் போட்டால் கால் கெட்டுப்போகும். ஆகவே கட்டுப் போடுவதற்கு முன் பாதத்தில் நாடி பார்க்க வேண்டும், கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் ரத்த அழுத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அந்த விகிதம் 0.8க்குக் கீழே என்றால் சாதாரணமாகப் போடும் இறுக்கத்தில் கட்டக் கூடாது. நாள்பட்ட சர்க்கரை உள்ளவருக்குத் தமனி இறுகிப்போயிருப்பதால் இந்த எண் பொய்யாக நன்றாக இருப்பதுபோலக் காட்டும் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

யாருக்கு வரும்? அம்மா, அப்பாவுக்கு இருந்தால் வாய்ப்பு அதிகம். பிள்ளை பெற்ற பெண்கள், உடல் எடை கூடியவர்கள், வயதானவர்கள். அதோடு நின்றே பிழைப்பவர்கள்: கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் ஜவுளிக் கடையில் புடவை விரித்துப் போடும் பெண்கள், பரோட்டா மாஸ்டர்கள், பஸ் கண்டக்டர்கள், புதுச்சேரி சிக்னல்களில் சிவப்புத் தொப்பியோடு நிற்கும் போலீஸ்காரர்கள். கால் தொங்கப்போட்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பவர்களும் இதே வரிசைதான். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. நல்ல சட்டம். நான் துணி எடுக்கப் போகும் சில கடைகளில் ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஸ்டூலின் மேல் அட்டைப் பெட்டி அடுக்கியிருக்கிறது.

பரம்பரையாக வருகிறதை முழுக்கத் தடுக்க முடியும் என்று சொன்னால் அது பொய். தள்ளிப்போடலாம், முற்றாமல் பார்த்துக்கொள்ளலாம். நிற்கிற வேலையில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறை குதிகாலைத் தூக்கித் தூக்கி இருபது தடவை இறக்கினால் போதும், கெண்டைக்கால் தன் வேலையைச் செய்துவிடும். வாடிக்கையாளர் முன்னாலேயே செய்யலாம், யாருக்கும் தெரியாது. நடை மிக நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரையோ, சாயங்காலம் வண்டி விடாத புதுச்சேரிக் கடற்கரைச் சாலையோ, எங்கேயும் சரி. ஆனால் அங்கே போய் நின்று பேசிக்கொண்டிருந்தால் கணக்கில் வராது. வீட்டில் டிவி முன்னால் முக்காலியில் கால் நீட்டுவதைக் "காலை உயர்த்தி வைக்கிறேன்" என்கிறார்கள். கால் இதயத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும்; அதற்குப் படுத்துக்கொண்டு கெண்டைக்காலுக்கு அடியில் இரண்டு தலையணை வைக்க வேண்டும்.

அழுத்தக் காலுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாங்கியவர்களில் பலர் அதை பீரோவில்தான் வைத்திருக்கிறார்கள். இதைச் செருப்பு சைஸ் கேட்டு வாங்கக் கூடாது. காலையில், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலின் மிக ஒல்லியான இடத்தையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து வாங்க வேண்டும். பெரும்பாலானோருக்கு முட்டிக்குக் கீழ் வரை உள்ளது போதும். போடுவதிலும் ஒரு முறை இருக்கிறது: படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன்பே, காலுறையைக் குதிகால் வரை உள்வெளியாகத் திருப்பி, பாதத்தை நுழைத்து, குதிகால் சரியாக உட்கார்ந்ததும் மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்ற வேண்டும். பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் துணி வழுக்காது. மேல் விளிம்பைச் சுருட்டி விடாதீர்கள். சுருட்டிய இடம் கயிறு கட்டினதுபோல அழுத்தி, கீழே வீக்கத்தைக் கூட்டும். ராத்திரி படுக்கும்போது கழற்றிவிடலாம். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும். சித்திரை, வைகாசியில் நம் ஊர் வேக்காட்டில் இதைப் போட்டுக்கொண்டு இருப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. முழு நாளும் முடியாவிட்டால் நிற்கிற நேரத்துக்காவது போடுங்கள். ஒன்று மட்டும்: காலுறை கெட்ட வால்வைச் சரி செய்யாது. போட்டிருக்கும்வரைதான் பலன்.

நிரந்தரமாகச் சரி செய்ய, முதலில் டாப்ளர் ஸ்கேன். தோலுக்கு அடியில் ஓடும் சிரைகளில் ரத்தம் பின்னோக்கிப் போகிறதா என்பதை நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். அரை நொடிக்கு மேல் பின்னோக்கிப் போனால் வால்வு கெட்டது என்று கணக்கு. படுக்க வைத்தே முடித்துவிட்டால் "நின்று பார்க்க வேண்டாமா?" என்று நீங்களே கேட்கலாம். ஆழச் சிரையில் பழைய ரத்தக்கட்டி அடைப்பு இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்தாக வேண்டும். அப்படி இருந்தால் வெளியே புடைத்திருப்பதுதான் மாற்றுப் பாதை; அதை அவசரப்பட்டு மூடக் கூடாது.

அப்படி இல்லையென்றால் கெட்ட சிரையை மூடுவதுதான் சிகிச்சை. லேசர், ரேடியோ அலை, பசை, நுரை ஊசி, பழைய முறையில் கட்டி உருவி எடுக்கும் அறுவை என்று வழிகள் உண்டு. ரேடியோ அலையில் மெல்லிய குழாயைச் சிரைக்குள் செலுத்தி, 7 சென்டிமீட்டர் நீளத்துக்கு 20 நொடி 120 டிகிரி சூடு கொடுத்து, படிப்படியாகக் கீழே இறக்கி மூடிக்கொண்டே வருவார்கள். சுற்றிலும் மரப்பு ஊசி மருந்து இருப்பதால் சூடு மற்ற இடத்துக்குப் போகாது. அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். சிகிச்சை வழிகாட்டுதல்கள் வெளியிடும் பிரிட்டனின் நைஸ் (NICE) அமைப்பு 2013இல் தந்த வழிகாட்டுதலில் முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதுவும் ஆகாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்தியிருக்கிறது. அதற்காக அறுவை மட்டம் என்று நினைக்க வேண்டாம். லேசருக்குப் பணம் சேரட்டும் என்று புண்ணோடு இரண்டு வருஷம் காத்திருப்பதைவிட, கிடைக்கிற அரசு மருத்துவமனையில் அறுவை செய்துகொள்வது எத்தனையோ மேல். காப்பீட்டுத் திட்டத்தில் வருமா என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

"சிரையை மூடிட்டா ரத்தம் எப்படிப் போகும்?" என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பங்கை ஆழச் சிரைகள்தான் எடுத்துப் போகின்றன. கெட்ட சிரை ரத்தத்தைத் தப்பான திசையில் அனுப்பிக்கொண்டிருந்தது. மூடினால் கால் லேசாகும். பிற்காலத்தில் வேறு சிரை கெட்டுத் திரும்ப வரலாம். அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது என் வழக்கம்.

புண் வந்தவர்கள் "புண் ஆறட்டும், அப்புறம் சிரையைப் பார்க்கலாம்" என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். 2018இல் பிரிட்டனில் 450 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. கட்டோடு சேர்த்துச் சிரையையும் சீக்கிரமே மூடியவர்களுக்குப் பாதிப் பேரின் புண் 56 நாளில் ஆறியது. தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். அதற்கு முன் 2004இல் வந்த இன்னொரு ஆய்வில், கட்டு மட்டும் போட்டவர்களில் 100க்கு 28 பேருக்கு ஒரு வருடத்தில் புண் திரும்ப வந்தது. அறுவையும் செய்தவர்களில் 12 பேருக்குத்தான். ஆறும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

கர்ப்பிணிகள் மட்டும் விதிவிலக்கு. அந்தச் சமயத்தில் புடைக்கும் சிரைகளில் பல, பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் தானே அடங்கும். அதுவரை காலுறை போதும். ஆனால் கர்ப்ப காலத்திலோ பிரசவம் ஆன வாரங்களிலோ ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது ஆழச் சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கடைசியாக, ரத்தப்போக்கு. கணுக்கால் பக்கத்தில் தோல் மெலிந்து நீலமாகத் தெரியும் சிரை, குளிக்கும்போது தேய்த்தாலே உடையலாம். வலி இருக்காது; குளியலறைத் தரை முழுக்க ரத்தம் பார்த்துதான் தெரியவரும். பதறி, காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து, மேலே துண்டை இறுக்கிக் கட்டுவார்கள். இரண்டுமே ரத்தப்போக்கைக் கூட்டும். இதில் உயிர் போனவர்கள் உண்டு. அந்த இடத்திலேயே படுத்துவிடுங்கள். காலைச் சுவர் மேலோ நாற்காலி மேலோ உயரத் தூக்கி, கசிகிற இடத்தின் மேலேயே மடித்த துணியை வைத்து, எடுத்து எடுத்துப் பார்க்காமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். பெரும்பாலும் நின்றுவிடும். நின்ற பிறகும் எழுந்து நடந்து ஆட்டோ பிடிக்கப் போக வேண்டாம். 108ஐக் கூப்பிட்டு, கால் உயர்ந்தபடியே படுத்து வாருங்கள்.