கொடைக்கானலில் பாதி வேகத்தில் சுழலும் கண்ணாடி

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு மாணவர்களை அழைத்துப் போய்வந்த ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்: “அங்கே பெரிய தொலைநோக்கி தரைக்கடியில் சுரங்கத்துக்குள் அசையாமல் கிடக்கிறது. சூரியனோ நகர்ந்துகொண்டே இருக்கிறது. பிறகு எப்படி அதைப் பிடிக்கிறார்கள்?”

அருமையான கேள்வி. முதலில், ஏன் சுரங்கம்? சூரியனைப் பார்க்க வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. நுணுக்கம் தெரிய வேண்டுமென்றால் பிம்பம் பெரிதாக விழ வேண்டும். லென்ஸிலிருந்து பிம்பம் தெளிவாக விழும் இடம் வரையிலான தூரமே குவியத்தூரம்; அதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் சூரிய பிம்பத்தின் அளவு. 34 செ.மீ. அகலத்துக்குச் சூரியன் விழ, சுமார் 36 மீட்டர் குவியத்தூரம் தேவை. அவ்வளவு நீளக் குழாயை வானத்தை நோக்கித் தூக்கித் திருப்புவது பெரும்பாடு. அதனால் 60 மீட்டர் சுரங்கத்தில் கிடையாகவே அமைத்துவிட்டார்கள். மண்ணுக்கடியில் வெப்பநிலை அதிகம் மாறாது, காற்று அலைபாயாது என்பது கூடுதல் வசதி.

சூரியனைத் துரத்தும் வேலை முழுவதும் 11 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இருக்கும் ஒரு தட்டைக் கண்ணாடிக்கு. சுமார் 60 செ.மீ. அகலம். அது ஒளியை இன்னொரு கண்ணாடிக்கு அனுப்ப, அது கீழே இறக்க, அடியில் மூன்றாவது கண்ணாடி சுரங்கத்துக்குள் திருப்பிவிடுகிறது.

அந்த முதல் கண்ணாடி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும்? சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. கண்ணாடியும் 15 பாகை திரும்ப வேண்டும் என்றுதான் பலரும் சொல்வார்கள். வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியை வெயிலில் பிடித்து, ஒளிவட்டத்தைச் சுவரில் விழவைத்துப் பாருங்கள். கையை லேசாக அசைத்தாலே வட்டம் எங்கோ ஓடிவிடும். கண்ணாடி ஒரு பாகை திரும்பினால் படுகோணம் ஒரு பாகை மாறும், எதிரொளிப்புக் கோணமும் ஒரு பாகை மாறும். ஆக, ஒளி இரண்டு பாகை விலகும். அப்படியானால் 15 பாகையை ஈடுகட்ட ஏழரை பாகை போதும். ஒரு முழுச் சுற்றுக்கு 48 மணி நேரம்!

சுழலும் அச்சு கண்ணாடியின் தளத்திலேயே, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். கொடைக்கானல் வடக்கே சுமார் 10 பாகை அட்சரேகையில் இருக்கிறது. அதனால் அச்சு தரையிலிருந்து 10 பாகை மட்டுமே எழும்பி, ஏறக்குறைய படுத்த நிலையில் துருவ நட்சத்திரத்தைப் பார்க்கும். சூரியன் உத்தராயணம், தட்சிணாயனம் என்று இடம் மாறுவதற்கு ஏற்பக் கண்ணாடிகளின் நிலையைச் சரிசெய்துகொண்டால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிதான். ஒற்றைக் கண்ணாடியை வேறு விதமாகத் திருப்பியும் ஒளியை ஒரே இடத்தில் நிறுத்தலாம்; ஆனால் பிம்பம் தன் மையத்தைச் சுற்றி மெல்லச் சுழன்றுகொண்டிருக்கும். இந்தப் பாதி வேக ஏற்பாட்டில் அந்தச் சுழற்சியும் இல்லை. சூரியனின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளி (சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து, கருமையாகத் தெரியும் பகுதி) இருந்தால், அது அதே இடத்தில் நிற்கும். சீலோஸ்டாட் எனப்படும் இந்தக் கருவியை 1895 வாக்கில் வடிவமைத்தவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற காப்ரியேல் லிப்மன்.

பிம்பம் அசையாமல் நின்றால்தான் கரும்புள்ளியின் மேல் மெல்லிய பிளவை வைத்து, அந்த ஒளியை நிறமாலையாக விரித்துப் படிக்க முடியும். சுரங்கத் தொலைநோக்கி 1960 வாக்கில்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1909இல், இதே மலையில் வேறு கருவியால் வானியலாளர் ஜான் எவர்ஷெட் கரும்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் சற்று விலகியிருப்பதைக் கண்டார். கரும்புள்ளியைச் சுற்றிய சாம்பல் நிற வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதே காரணம். இன்று அது எவர்ஷெட் விளைவு.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் (1876–78) பிறகு, சூரியனைக் கவனித்தால் மழையைக் கணிக்கலாமா என்ற எண்ணம் வலுத்தது. 1899இல் இந்த ஆய்வகம் அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கரும்புள்ளியை வைத்துப் பருவமழையைச் சொல்வது கைகூடவில்லை. ஆனால் 1904 முதல் சேர்ந்த சூரியப் படங்களில் பத்துக்கும் மேற்பட்ட கரும்புள்ளிச் சுழற்சிகள், அதாவது சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கரும்புள்ளிகள் கூடிக் குறையும் காலங்கள், பதிவாகியிருக்கின்றன. எந்த விண்கலமும் பின்னோக்கிப் போய் அவற்றை எடுத்துவர முடியாது. சூரியனை ஆராயும் இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1க்குக் கிடைத்த கைதட்டல் நியாயமானதே. அதே அக்கறையோடு, தினமும் காலையில் கோபுரமேறிக் கண்ணாடியைத் திறக்கும் ஊழியர்களுக்கும், பழைய படத்தகடுகளைப் பாதுகாக்கும் அறைகளுக்கும் ஆண்டுதோறும் தடையின்றி நிதி ஒதுக்க வேண்டும் என்பதே என் கருத்து.