‘தடை வாங்கியாகிவிட்டது’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு

நிலத் தகராறோடு வழக்கறிஞர் அலுவலகப் படியேறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, “எப்படியாவது ஒரு தடை வாங்கிக் கொடுங்கள்” என்பதுதான். சிலர் ‘ஸ்டே’ என்பார்கள். இந்த ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு உத்தரவுகள் அடங்கியிருக்கின்றன. தம் கையில் இருப்பது எது என்று தெரியாமல் வழக்கில் தோற்பதற்கு முன்பே சொத்தை இழக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டிருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். தடை இருந்தும் தம்பி பூர்வீக மனையில் வீடு கட்டுகிறான், காவல் நிலையத்தில் முறையிட்டும் பயனில்லை என்று கலங்கினார். உத்தரவு நகலை வாங்கிப் படித்தேன். “மனு சொத்தை அந்நியருக்கு விற்கவோ, அடமானம் வைக்கவோ கூடாது” என்பதோடு முடிந்திருந்தது. கட்டுமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை, ஏனென்றால் மனுவில் அதைக் கேட்கவே இல்லை. கேட்காததை நீதிமன்றம் தாமாகத் தருவது அரிது. புதிதாக மனுப் போட்டு உத்தரவு பெறுவதற்குள் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டது.

ஒருவர் ஒரு செயலைச் செய்யக்கூடாது என்று உரிமையியல் நீதிமன்றம் கட்டளையிடுவது உறுத்துக்கட்டளை. வழக்கு நடக்கும்போது கிடைக்கும் இடைக்கால உத்தரவு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆவது கட்டளையின் (‘ஆர்டர் 39’ என்ற பகுதியின்) கீழ் வருகிறது. எதிர்த்தரப்பைக் கேட்காமலே அவசரமாகக் கிடைத்த உத்தரவு என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். மனு, பிரமாணப் பத்திரம், பிராது, ஆவணங்கள் ஆகியவற்றின் நகல்களை அன்றோ மறுநாளோ எதிர்த்தரப்புக்கு அனுப்பி, அனுப்பியதை நீதிமன்றத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இதைச் செய்யாததாலேயே கைக்கு வந்த தடை நழுவிப்போவதுண்டு. உத்தரவில் ஒரு வாய்தா தேதி ‘வரை’ என்று இருந்தால், அன்று நீட்டிப்புப் பெறாவிட்டால் தடை அத்தோடு முடிந்தது.

மீறினால்? 39-ஆவது கட்டளையின் 2ஏ விதிப்படி, மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், 3 மாதம் வரை உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஆனால் அதற்கும் நாம்தான் மனுப் போட வேண்டும்.

மேல்முறையீட்டில் கிடைப்பது வேறு வகை. அது கீழ் நீதிமன்றத் தீர்ப்பை நிறைவேற்றுவதை நிறுத்திவைக்கிறதே தவிர, தீர்ப்பை அழித்துவிடுவதில்லை. “அப்பீல் போட்டாயிற்று, இனி (தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான) அமீனா வரமாட்டார்” என்று நம்பி வீட்டைக் காலிசெய்ய நேர்ந்தவர்கள் உண்டு. மேல்முறையீடு தாக்கல் செய்வது மட்டுமே தடையாகாது. நிறுத்திவைக்கத் தனியே மனுப் போட்டு உத்தரவு பெற வேண்டும். விசாரணையை நிறுத்திவைத்த உத்தரவு 6 மாதத்தில் தானாகக் காலாவதியாகும் என்ற பேச்சும் இன்னும் உலவுகிறது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது உண்மை. 2024 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது.

‘144 தடை’ இவற்றோடு சேராது. பொது அமைதிக்காக நிர்வாக நடுவர் பிறப்பிப்பது அது. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அதன் பிரிவு எண் 163. மனை யாருடையது என்பதை அது தீர்மானிக்காது.

வழக்கில் உள்ள நிலத்தை வாங்க நினைப்பவர்கள் “தடை எதுவும் இல்லையே” என்று தைரியம் கொள்ள வேண்டாம். வழக்கு நடக்கும்போது வாங்கினால், 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, இறுதித் தீர்ப்பு வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்.

உங்களுக்கு எதிராக யாரேனும் தடை கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், ‘என்னைக் கேட்காமல் உத்தரவு போட வேண்டாம்’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கேவியட் மனு தாக்கல் செய்துவையுங்கள். அதன் ஆயுள் 90 நாள். அதற்குள் எதிர்த்தரப்பு வழக்குத் தொடராமல், உங்கள் அச்சமும் தீராமல் இருந்தால், மறுபடி புதிதாகத் தாக்கல் செய்ய வேண்டும்.