ரெண்டு பட்டனை சேர்த்துத் தச்சா: யூவி டிஎன்ஏவை என்ன பண்ணுது

யூவி, அதாவது வெயில்ல இருக்கற புற ஊதாக் கதிர், பட்ட உடனே டிஎன்ஏல எழுத்து மாறிடும்னுதான் நானும் ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், ஆனா பெரும்பாலும் அப்படி நடக்கறதில்ல. வெயில் பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு எழுத்தை ஒட்ட வச்சிட்டுப் போயிடும், தப்பா எழுதறது அப்புறமா அதை காப்பி எடுக்கற நம்ம செல்லேதான்.

டிஎன்ஏவை சட்டை மாதிரி வச்சுக்கோங்க, ஒரு பக்க இழைல பட்டன், எதிர்ப்பக்க இழைல காஜா. டிஎன்ஏவோட எழுத்துங்கள்ல தைமினுக்கு ஜோடி அடினின், சைட்டோசினுக்கு குவானின். யூவி-பி, அதாவது 280ல இருந்து 315 நானோமீட்டர் வரைக்கும் உள்ள கதிர், ரெண்டு தைமினோ, ரெண்டு சைட்டோசினோ, இல்ல தைமின் ஒண்ணும் சைட்டோசின் ஒண்ணுமோ அடுத்தடுத்து இருக்கற இடத்துல விழுந்தா பட்டனை பக்கத்து பட்டனோடயே சேர்த்துத் தச்சிடும், அதுக்கப்புறம் எதிர்ல இருக்கற காஜால ஒழுங்கா மாட்டாது. இதுக்குப் பேரு டைமர். அந்த இடத்துல இழையே கொஞ்சம் கோணிக்கும்.

நல்ல தோல் செல்லுல இதுக்குன்னே ரிப்பேர் டீம் இருக்கு. எக்ஸ்பிசின்னு ஒரு புரோட்டீன் அந்தக் கோணலைக் கண்டுபிடிக்கும், எக்ஸ்பிபியும் எக்ஸ்பிடியும் இழையப் பிரிச்சு விடும், எக்ஸ்பிஎஃப் ஒரு பக்கமும் எக்ஸ்பிஜி இன்னொரு பக்கமும் வெட்டும், சுமார் 30 எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு கழண்டு வந்துடும். ரெண்டு எழுத்துக்காக முப்பதை வெட்டறது ஓவராத்தான் தெரியும், ஆனா எதிர் இழை பத்திரமா இருக்கே, அதைப் பாத்து எழுதிடலாம்.

இந்தப் பேர்ல எல்லாம் வர்ற 'எக்ஸ்பி' ஒரு நோயோட பேரு, ஸீரோடெர்மா பிக்மென்டோசம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் பழுதான ஜீன் வந்தா இந்த டீம்ல ஒரு ஆள் இல்லாமலே குழந்தை பொறக்கும். இவங்க தோல் செல்லுல யூவி சேதம் ரிப்பேர் ஆகறதில்லன்னு 1968ல ஜேம்ஸ் கிளீவர்ங்கற விஞ்ஞானி காட்டினாரு. இவங்கள்ல நிறைய பேருக்கு பத்து வயசுக்கு முன்னாடியே தோல் கேன்சர் வந்துடுது.

சரி, டைமர் அப்படியே கிடந்தா என்ன ஆகும்? செல் பிரியறப்ப காப்பி எடுக்கற மெஷின் அங்க வந்து முட்டி நின்னுடும், அப்போ பாலிமரேஸ் ஈட்டான்னு ஒரு ஸ்பேர் ஆள் வந்து எழுதித் தாண்ட வைக்கும். ஒட்டினது ரெண்டும் தைமினா இருந்தா எதிர்ல ரெண்டு அடினினைப் போடும், அதான் சரியான ஜோடி, தப்பிச்சோம். வில்லங்கம் சைட்டோசின்லதான். டைமருக்குள்ள மாட்டின சைட்டோசின் வழக்கத்தை விட ரொம்ப வேகமா யுராசில்ங்கற வேற எழுத்தா மாறிடும், ரிப்பேர் இல்லாத செல்லுல அதுக்கு நேரமும் தாராளமா கிடைக்குது, யுராசில் பாக்க தைமின் மாதிரியே இருக்கறதால அதுக்கும் எதிர்ல அடினின் விழும், அடுத்த காப்பில அந்த அடினினுக்கு ஜோடியா தைமின் வந்து உக்காந்துடும். சைட்டோசின் இருந்த இடத்துல இப்போ நிரந்தரமா தைமின். இனிமே எந்த ரிப்பேர் டீம் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா கோணலே இல்ல, பட்டனும் காஜாவும் பக்காவா மாட்டியிருக்கு. சில இடத்துல ரெண்டு சைட்டோசின் சேர்ந்தே ரெண்டு தைமினா மாறியிருக்கும், அது கிட்டத்தட்ட யூவியோட கைரேகை. தோல் கேன்சர் கட்டில, கேன்சர் வராம தடுக்கற பி53ங்கற ஜீனைப் படிச்சுப் பாத்தா இந்தக் கைரேகை நிறைய கிடைக்குது.

இந்த நோய்லயே 'வேரியன்ட்'னு ஒரு வகை இருக்கு, எனக்கு ரொம்ப சுவாரஸ்யமானது அதுதான். அவங்களுக்கு வெட்டி ஒட்டற டீம் முழுசா இருக்கு, இல்லாதது அந்த பாலிமரேஸ் ஈட்டா மட்டும்தான். அது இல்லாததால அதை விட அரைகுறையான வேற ஸ்பேர் ஆளுங்க வந்து டைமருக்கு எதிர்ல தோணினதை எழுதிட்டுப் போறாங்க, ரிப்பேர் நல்லா நடந்தும் அவங்களுக்கும் கேன்சர் வருது.