தொலைபேசி வயரிங்கை நீங்களே மாற்றுவதானால், முதலில் வெளி லைனைத் துண்டியுங்கள்

மின்சார சுவிட்ச் பெட்டியைத் திறக்கத் தயங்கி எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருப்பவர்கள்கூட, தொலைபேசி சாக்கெட்டை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி, உள்ளே இருக்கும் கம்பிகளை வெறுங்கையால் பிரித்து, உறையைப் பல்லால் கடித்து உரிப்பதை லைன் பராமரிப்புப் பணியில் அடிக்கடி பார்க்கிறேன். கம்பி மெல்லியதாக இருப்பதால் அதில் என்ன இருந்துவிடப் போகிறது என்ற எண்ணம்தான் காரணம். வீட்டுக்குள் இருக்கும் தொலைபேசி வயரிங்கை ஒருவர் தாமே மாற்றிக்கொள்வதில் எனக்கு மறுப்பு இல்லை. பொறுமையும், மின்னழுத்தத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் நன்றாகவே செய்யலாம். வெளியிலிருந்து வரும் லைனைத் துண்டிக்காமல் செய்வதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் இரண்டு கம்பிகளுக்கு இடையே, ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும் நேரமெல்லாம் சுமார் 48 வோல்ட் நேர்திசை மின்னழுத்தம் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் பெரும்பாலும் 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் ஓடத் தொடங்கி, கருவியின் முனையில் அழுத்தம் 10 வோல்ட்டை ஒட்டி இறங்கிவிடும். உலர்ந்த விரலுக்கு 48 வோல்ட் பெரிதாகத் தெரியாது. பலருக்குத் துணிச்சல் வருவதும் அதனால்தான். ஆனால் அழைப்பு வரும்போது மணியை ஒலிக்கச் செய்வதற்காக 75 முதல் 90 வோல்ட் வரையிலான மாறுதிசை மின்னழுத்தம், 20 அல்லது 25 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதே இரண்டு கம்பிகளில்தான் வந்து சேர்கிறது. அது எப்போது வரும் என்று வேலை செய்பவருக்குத் தெரியாது. ஏணியின் மேல் நிற்பவரை உலுக்கிக் கீழே தள்ள அந்த ஓர் அதிர்ச்சி போதும். வியர்த்த கையிலும் வாயிலும் அதன் கடுமை இன்னும் கூடும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

லைனில் இயல்பாக இருக்கும் மின்சாரத்தைவிட, அதன் வழியே வெளியிலிருந்து வந்துவிடக்கூடியது எனக்கு அதிகக் கவலை தருகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் அந்த ஜோடிக் கம்பி பல நூறு மீட்டர், சில இடங்களில் சில கிலோமீட்டர், கம்பங்களின் மீதும் மண்ணுக்கு அடியிலும் கடந்து வருகிறது. வழியில் எங்கோ விழும் இடி அதில் பாயலாம். அறுந்து தொங்கும் மின்கம்பி அதன்மேல் உரசிக்கொண்டிருக்கலாம். நுழைவுப் பெட்டியில் இருக்கும் சர்ஜ் பாதுகாப்பான் இவற்றை எர்த்துக்குத் திருப்பிவிடுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது. சாக்கெட்டை இடம் மாற்றும்போது, அந்தப் பச்சை எர்த் வயர் எதற்கென்று புரியாமல் வெட்டிவிட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அங்கே தொலைபேசி வழக்கம்போல் வேலை செய்கிறது, பாதுகாப்பு மட்டும் இல்லை. மின்னல் தொலைவில் தெரிந்தாலும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிட்டால் மணி அடிக்காது, அதனால் தைரியமாக வேலை செய்யலாம் என்று ஓர் ஆலோசனை காலங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. மணிக்கான மின்னழுத்தம் அப்போது வராது என்பது சரி. ஆனால் வெளி லைன் உங்கள் கையில் இருக்கும் கம்பியோடு சேர்ந்தேதான் இருக்கிறது. செய்ய வேண்டியது, வெளி லைன் வீட்டுக்குள் நுழையும் எல்லைப் பெட்டியில் உள் வயரிங்கை முழுவதுமாகப் பிரித்துவிடுவது. பல பெட்டிகளில் ஒரு சிறிய பிளக்கை உருவினாலோ, முன்பக்கத் தகட்டைக் கழற்றினாலோ வீட்டுப் பக்கம் தனியாகிவிடும். அந்தப் பெட்டிக்கு வெளியே உள்ளது எல்லாம் சேவை நிறுவனத்தின் உடைமை. அதில் கை வைக்க வேண்டாம். உள் வயரிங்குக்கான சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குள் இருக்கும் வயரையும் பதிவு பெற்ற கேபிள் பணியாளர்தான் பொருத்தலாம். பிரிட்டனில் முதன்மை சாக்கெட்டின் கழற்றக்கூடிய முன்தகட்டுக்குப் பின் வரும் நீட்டிப்புகளை வீட்டுக்காரரே மாற்றிக்கொள்ளலாம். உங்கள் நாட்டின் விதியைக் கேட்டறிந்த பிறகு தொடங்குங்கள்.

துண்டித்த பிறகும் அளந்து பார்க்காமல் தொடக் கூடாது. மீட்டரை முதலில் டிசி (நேர்திசை) அளவிலும், பிறகு ஏசி (மாறுதிசை) அளவிலும் வைத்து, இரண்டு கம்பிகளுக்கு இடையேயும், ஒவ்வொரு கம்பிக்கும் எர்த்துக்கும் இடையேயும் பாருங்கள். மறந்துபோன இரண்டாவது லைன் ஒன்று அதே கேபிளில் உயிரோடு இருக்கலாம். எர்த்துக்கு எதிராக வீட்டு மின்சாரத்தின் அளவை ஒட்டிய ஏசி வோல்டேஜ் காட்டினால், எங்கோ மின்சார வயர் உரசுகிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது எதையும் தொடாமல் எலக்ட்ரீஷியனை அழைப்பதே முறை.

பெட்டியைத் திறந்திருக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். உள் வயரிங் பிரிந்திருக்கையில், நன்றாக வேலை செய்யும் ஒரு தொலைபேசியைப் பெட்டியின் சோதனை சாக்கெட்டில் செருகிக் கேளுங்கள். கரகரப்பு அங்கேயும் கேட்டால் பழுது வெளி லைனில் இருக்கிறது, நிறுவனத்திடம் புகார் கொடுத்தால் போதும். இதைப் பார்க்காமல் வீடு முழுக்கப் புது வயர் இழுத்துவிட்டு, அதே கரகரப்போடு எங்களை அழைப்பவர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

இனி வயரைப் பற்றி. சிவப்பு, பச்சை, மஞ்சள், கறுப்பு என்று நான்கு கம்பிகள் முறுக்கில்லாமல் ஓடும் பழைய வயரை மாற்றுகிறீர்கள் என்றால், ஜோடி ஜோடியாக முறுக்கிய செம்பு கேபிளையே வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் விலை குறைவு, ஆனால் வளைத்த இடத்தில் எளிதில் முறிந்துவிடும். இரண்டு கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, கருவியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற உத்தி இது. இன்றைய இணைய லைனும் இதை நம்பித்தான் ஓடுகிறது. நீலக் கம்பிக்கு ஜோடி, நீலக் கோடிட்ட வெள்ளைக் கம்பிதான். அவசரத்தில் நீலத்தையும், ஆரஞ்சுக் கோடிட்ட வெள்ளையையும் எடுத்து இணைத்துவிட்டால், மீட்டர் தொடர்ச்சி சரி என்று காட்டும், டயல் டோனும் வரும். ஆனால் பேசும்போது உறுமலும், மோடத்தில் காரணம் தெரியாத துண்டிப்புகளும் தொடரும். ஜோடி மாறிய இந்தப் பழுதை மீட்டரால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொரு சாக்கெட்டாகத் திறந்து, நிறத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். முனையில் முறுக்கைப் பிரிக்கும்போதும் ஓரிரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிக்காதீர்கள்.

பழுது பார்க்கப் போகும் வீடுகளில் பெரும்பாலும் கேபிளில் குறை இருப்பதில்லை, ஜாயிண்டில்தான் இருக்கிறது. இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு ஜாயிண்டைப் பிரித்துப் பாருங்கள்: டேப்பின் பசை கருத்துக் கையில் ஒட்டும், உள்ளே செம்பின் மேல் பச்சைப் பொடி படிந்திருக்கும், ஒரு கம்பி மட்டும் அரித்து ஊசி முனைபோல் மெலிந்திருக்கும். ஈரம் புகுந்த இடத்தில் 48 வோல்ட் நாள் முழுக்க நிற்பதால், நேர்முனைக் கம்பியின் செம்பு மின்வேதி வினையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. மழைக்காலத்தில் மட்டும் கரகரக்கும் தொலைபேசியில் நான் முதலில் தேடுவது இதைத்தான். ஜாயிண்டே இல்லாமல் ஒரே நீளமாக இழுப்பது மிகச் சிறந்தது. தவிர்க்க முடியாத இடத்தில், ஜெல் நிரப்பிய அழுத்து கனெக்டரைப் பயன்படுத்துங்கள். அதற்கு உறையை உரிக்கவும் தேவையில்லை. கத்தியால் உரிப்பவர்கள் 0.5 மில்லிமீட்டர் செம்பின் மேல் ஒரு கீறலையும் விட்டுவிடுகிறார்கள். சாக்கெட்டை மூடும்போது கம்பி சரியாக அந்தக் கீறலில்தான் ஒடிகிறது.

செம்பு லைனில் இணையமும் வருகிறதென்றால் கிளைகளைக் குறைப்பது மிக முக்கியம். யாரும் பயன்படுத்தாத அறைக்குப் போகும் 10 மீட்டர் வயர் சும்மாதானே கிடக்கிறது என்று விட்டுவிடுகிறோம். அது சும்மா கிடப்பதில்லை. சிக்னல் அதன் முனை வரை போய்த் திரும்பி வந்து, ஏறக்குறைய 5 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் அசல் சிக்னலையே அடித்துவிடும். செம்பு லைனில் அதிவேக இணையம் தரும் விடிஎஸ்எல் இணைப்பு பயன்படுத்தும் அலைவரிசைக்குள்தான் அது விழுகிறது. எல்லைப் பெட்டிக்கு அருகிலேயே, பேச்சையும் இணையத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஒரு ஸ்பிளிட்டரை வைத்து, அங்கிருந்து மோடத்துக்குத் தனியாக ஒரு ஜோடி கொண்டுபோய், தொலைபேசிகள் அனைத்தையும் மறுபக்கத்தில் சேர்த்துவிடுவதே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. மின்சார வயரோடு ஒரே குழாயில் தொலைபேசி வயரைச் செலுத்தாதீர்கள். குறுக்கே கடக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

ஃபைபருக்கு மாறியவர்கள், புதுக் கருவியின் தொலைபேசி போர்ட்டைச் சுவர் சாக்கெட்டில் செருகி, பழைய வயரிங் வழியாக எல்லா அறைக்கும் இணைப்புக் கொடுக்க விரும்புகிறார்கள். செய்யலாம். ஆனால் பழைய செம்பு லைன் எல்லைப் பெட்டியில் பிரிக்கப்படாமல் இருந்தால், வெளியிலிருந்து வரும் 48 வோல்ட்டும் கருவியின் சொந்த மின்னழுத்தமும் மோதிக்கொண்டு அந்தப் போர்ட் எரிந்துபோகலாம். பழைய லைனில் இப்போது டயல் டோன் இல்லை என்பதற்காகப் பிரிக்காமல் விட வேண்டாம். நிலையத்தில் எப்போது வேண்டுமானாலும் அதை மீண்டும் இணைத்துவிட முடியும்.

எல்லாம் முடிந்து பெட்டியில் மீண்டும் இணைத்ததும், ஒவ்வொரு சாக்கெட்டிலும் டயல் டோன் வருகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். கைபேசியிலிருந்து அழைத்து எல்லாத் தொலைபேசிகளும் மணியடிக்கின்றனவா என்று கவனியுங்கள். வீட்டில் திருட்டு அலாரமோ, முதியவர்களுக்கான அவசர அழைப்புக் கருவியோ அந்த லைனில் இருந்தால், கண்காணிப்பு மையத்துக்கு முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, அதையும் ஒரு முறை இயக்கிப் பார்க்க வேண்டும். சாக்கெட்டுகளுக்கு முன்னதாக அந்தக் கருவி லைனில் அமர்ந்திருந்தால்தான், யாராவது பேசிக்கொண்டிருந்தாலும் லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு அழைக்க அதனால் முடியும். பிறகு எந்த ஜோடி எந்த அறைக்குப் போகிறது என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.