உறைகுளிரில் பிறக்கும் கன்றுக்கு முதலில் சூடு, அடுத்து சீம்பால்

கனடாவின் ஆல்பர்ட்டா, சஸ்காட்சவான் சமவெளிகளில் குடும்பமாக நடத்தப்படும் இறைச்சி மாட்டுப் பண்ணைகள் பலவற்றில் பிப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே ஈற்றுக்காலம் தொடங்கிவிடுகிறது. பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 283 நாள் என்பதால், மே மாதத்தில் காளையை மந்தையில் விட்டவர்களுக்கு இதைத் தவிர்க்க முடியாது. விதைப்பு வேலை வருமுன் ஈற்று முடிந்துவிடும், இலையுதிர்காலச் சந்தைக்குள் கன்று எடை கூடிவிடும் என்று அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். அதற்காக, பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி வரை இறங்கும் இரவுகளில் கண்விழிக்க வேண்டியிருக்கிறது.

கால்நடை மருத்துவராக நான் அங்கு அடிக்கடி வலியுறுத்துவது, குளிரைவிட ஈரமே கன்றுக்கு எமன் என்பதைத்தான். பனிக்குட நீரில் நனைந்து விழும் கன்றைத் தாய் உடனே நக்கித் துடைத்துவிட்டால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். தலையீற்றுக் கிடேரி மிரண்டு விலகி நின்றாலோ, நெடுநேரம் முக்கிக் களைத்துப் படுத்துவிட்டாலோ, சிறிது நேரத்திலேயே கன்றின் உடல் சில்லிட்டுவிடும். வாய்க்குள் விரலை வைத்தால் அது சப்பாது, நாக்கும் குளிர்ந்திருக்கும். ஆயினும் விரலை மட்டும் நம்பாமல், ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதே முறை. இயல்பான வெப்பம் 38.5 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும். 34 டிகிரி அளவுக்கு இறங்கிய கன்று உயிராபத்தில் இருக்கிறது.

அந்த நிலையில் பதறிப்போய்க் குழாய் வழியாகச் சீம்பாலை ஊற்றுபவர்கள் உண்டு. குளிர்ந்து விறைத்த கன்றின் குடல் மந்தமாகத்தான் இயங்கும். எனவே தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடித்துக்கொண்டு, 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் உடலை அமிழ்த்தி, நீர் ஆறுமுன் மாற்றி, வெப்பம் ஏறியதும் ரோமத்தின் அடிவரை உலரத் துடைத்த பிறகே ஊட்ட வேண்டும். அதற்காகத் தாமதிக்கவும் கூடாது. சீம்பாலின் எதிர்ப்புப் புரதங்களை உறிஞ்சும் திறன் பிறந்த கணத்திலிருந்தே குறைந்துகொண்டே வந்து, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய நின்றுவிடும். முதல் சில மணி நேரத்துக்குள் குறைந்தது இரண்டு லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

மூச்சு விடத் திணறும் கன்றை வேலியில் தலைகீழாகத் தொங்கவிடும் பழக்கத்தை முதியவர்கள் இன்னும் கைவிடவில்லை. அப்போது வெளியே ஒழுகுவது பெரும்பாலும் இரைப்பையின் நீர். குடலின் எடை முழுவதும் நுரையீரல் மீது விழுவதுதான் மிச்சம். கன்றை நெஞ்சு தரையில் படியக் கிடத்தி, மூக்கினுள் வைக்கோல் தாளால் உறுத்தினால் போதும், பெரும்பாலும் அது தும்மி மூச்சை இழுத்துவிடும்.

ஈற்று நேரத்தை ஓரளவு பகலுக்குத் தள்ளவும் வழியுண்டு. மானிடோபா மாகாணப் பண்ணையாளர் கஸ் கோனஃபல் 1970-களில் கவனித்துச் சொன்னதுதான் அது: தீவனத்தை இரவில் கொடுத்தால் பசுக்கள் கூடுதலாகப் பகலில் ஈனுகின்றன. ஒருசில பசுக்கள் அப்போதும் நள்ளிரவில்தான் ஈனும் என்பதால் இரவுச் சுற்றை நிறுத்திவிட முடியாது. ஆனால் பெரும்பாலான கன்றுகள் ஆள் விழித்திருக்கும் நேரத்திலேயே தரையில் விழும்.